தாடிக்கு வந்த வேலை

டிசம்பர் பிறந்தால் சூரியநெல்லியில் எல்லோருக்கும் விடுமுறை, சூரியநெல்லிக்காரர்களைத் தவிர. போடிமெட்டு வழியாகவும் பூப்பாறை வழியாகவும் கார்கள் வரிசை கட்டி ஏறிவரும். வருகிறவர்களுக்குக் குளிர் வேண்டும். அந்தக் குளிர் தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீடுகளின் தகரக் கூரைக்கடியில் காசில்லாமல் கொட்டிக் கிடக்கிறது. அங்கே படுத்து அனுபவிக்க யாரும் வருவதில்லை. மேலே ரிசார்ட்டில் கம்பளிக்குள் படுத்துக்கொண்டு கண்ணாடி வழியாகப் பார்த்தால்தான் அது குளிர்.

அழகுமலை அந்த ரிசார்ட்டில் தோட்ட வேலை பார்த்தார். செடி வெட்டுவார், புல்லுக்குத் தண்ணீர் விடுவார், கார் வந்தால் பெட்டி தூக்குவார். கார்த்திகை முதல் தேதி மாலை போட்டிருந்தார். இது அவருக்குப் பதினெட்டாம் வருஷம். பதினெட்டாம் வருஷம் மலைக்குப் போகிறவன் தென்னங்கன்று ஒன்றைச் சுமந்துகொண்டு போய் ஐயப்பன் சன்னிதானத்தில் சேர்க்க வேண்டும். நடுவில் ஒரு வருஷம் விட்டாலும் மனசு கேட்காது என்று காய்ச்சலோடும், ஒருமுறை கால் சுளுக்கோடும் போய்வந்த மனுஷன். எட்டிப்பிடித்தாயிற்று என்ற நேரம்.

லீவை நவம்பரிலேயே கேட்டுவிட்டார். மேனேஜர் கோபிநாத் போனைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினார். ஆட்டிய தலையை நம்பினார் அழகுமலை. எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவன், துரைமார் தலையாட்டுவதை நம்பக் கூடாது என்று அப்பன் பாட்டன் காலத்திலிருந்து தெரிந்தவன், அவனே நம்பினால் யார் என்ன செய்ய முடியும்.

கிறிஸ்துமஸுக்கு நாலைந்து நாள் இருக்கும்போது கோபிநாத் அவரை ரிசப்ஷனுக்குக் கூப்பிட்டார். அங்கே டின்டு ஒரு ஸ்டூலில் ஏறி நின்று, தான் கட்டிய புல்கூட்டைத் தானே பிரித்துக்கொண்டிருந்தாள். டின்டு ராஜகுமாரிக்காரி; ரிசப்ஷனில் வேலை. வருஷாவருஷம் ஈட்டை மூங்கில் குச்சியும் வைக்கோலும் கொண்டுவந்து, குழந்தை ஏசு பிறந்த மாட்டுக் கொட்டிலை வாசலில் அவள்தான் கட்டுவாள்.

"ஏன் பிரிக்கிற?" என்றார் அழகுமலை.

"பனி மெஷின் வெக்கணுமாம் சாமி. சோப்பு நுரை ஊதுற மெஷின். கர்த்தர் ஸ்டோர் ரூமுக்குப் போறார்."

கோபிநாத் உள்ளேயிருந்து வந்து அழகுமலையை இடப்பக்கம் ஒருமுறை, வலப்பக்கம் ஒருமுறை பார்த்தார். சந்தையில் மாட்டுக்குப் பல் பிடித்துப் பார்ப்பதுபோல் இருந்தது. எப்போதும் தாடி வைத்திருப்பவர்; விரதத்தில் கத்தரிப்பதும் கிடையாது என்பதால் அழகுமலைக்குத் தாடி நெஞ்சை நோக்கி இறங்கியிருந்தது. வயசுக்கு முந்திக்கொண்டு முழுக்க வெளுத்தும் இருந்தது.

"சாமி, ஒரு உபகாரம் செய்யணும். கொச்சியிலிருந்து வர வேண்டிய சாண்டா வரல. அவனுக்கு ஆலப்புழையில போட் பார்ட்டி கிடைச்சிருக்கு. சீசன்ல சாண்டாவுக்கும் டிமாண்டு."

"எந்தச் சாண்டா சார்?"

"கிறிஸ்மஸ் அப்பூப்பன், கிறிஸ்மஸ் தாத்தா. ஒட்டுத்தாடி வெச்சா குழந்தைங்க பிடிச்சு இழுக்கும். உங்களுக்கு ஒறிஜினல்."

அழகுமலைக்குப் புரிய ஒரு நிமிஷம் பிடித்தது. புரிந்ததும் சிரிக்கத்தான் தோன்றியது. "சார், நான் மாலை போட்டிருக்கேன்."

"அது உள்ள இருக்கட்டும். மேல சிவப்புக் கோட்டு. யாருக்குத் தெரியும்?"

"ஐயப்பனுக்குத் தெரியும்லா?"

"ஐயப்பன் அட்ஜஸ்ட் செய்வார் சாமி. அவரு நம்ம நாட்டுக்காரரு."

ஸ்டூலிலிருந்து டின்டு, "சார், கர்த்தரும் அட்ஜஸ்ட் செய்றாரு, ஐயப்பனும் அட்ஜஸ்ட் செய்றாரு. கெஸ்ட்டு மட்டும் ஒருநாள் அட்ஜஸ்ட் செய்யக் கூடாதா?" என்றாள்.

"நீ வேலையப் பாரு டின்டு."

"அதான் சார் பாக்குறேன். இருபத்துநாலாம் தேதி ராத்திரி பள்ளியில குர்பானா பூசைக்கும் போகாம பாக்கப் போறேன். எனக்குப் பள்ளி இல்ல, சாமிக்கு மலை இல்ல. பின்ன இந்தக் கிறிஸ்மஸ் யாருக்கு? நூத்திமூணாம் நம்பர் ரூமுக்கா?"

கோபிநாத் அழகுமலை பக்கம் திரும்பினார். இருபத்துநாலாம் தேதி சாயங்காலம் கீழே மாரியம்மன் கோயிலில் இருமுடி கட்டு என்று அழகுமலை நினைவுபடுத்தினார். கட்டு முடிந்ததும் வேன் கிளம்பும். மலையில் வரிசைக்கு முன்பதிவு அடுத்த நாளுக்கு. அந்த நாளை விட்டால் இந்த வருஷம் வேறு நாள் கிடைக்காது.

"நீங்க லீவு சொன்னீங்க சார்."

"சொன்னேன். இப்படி ஹவுஸ்ஃபுல் ஆகும்னு அப்ப தெரியுமா? சரி, ஒரு வழி சொல்றேன். அஞ்சு மணிக்கு கேக் வெட்டு. அது முடிஞ்சா சாமி ஃப்ரீ. லீவு முழுசா எடுத்துக்கோங்க. வேஷம் போடலேன்னா லீவும் இல்ல. லீவு இல்லாமப் போனா, அப்புறம் திரும்பி வர வேண்டாம்."

அழகுமலை ஒப்புக்கொண்டார். அரை மணி நேரம் பொம்மையாக நின்றால் பதினெட்டாம் படி. கணக்கு சரியாகத்தான் தெரிந்தது.

அவர் பெண்டாட்டி கற்பகத்துக்குச் சரியாகத் தெரியவில்லை. அவள் எஸ்டேட்டில் கொழுந்தெடுத்துவிட்டு வந்து, இடுப்பில் கட்டிய ஈரப் படுதாவைக்கூட அவிழ்க்காமல் வாசலில் நின்று கேட்டாள். மாலை போட்டிருக்கும் வரை புருஷனும் அவளுக்குச் சாமிதான். திட்டுவதென்றாலும் மரியாதையாகத்தான் திட்ட வேண்டும்.

"சாமி, உங்களுக்கு அறிவு இருக்கா?"

"அரை மணி நேரம்தான். அதுக்கு மேல கிடையாது."

"கேட்டது லீவு. குடுக்கிறது பிச்ச. அதுக்கு வேசம் வேற. பொம்பள வேசம் கட்டச் சொன்னாலும் கட்டுவீங்களோ?"

"வேலை போயிருச்சுன்னா?"

கற்பகம் விருட்டென்று திரும்பினாள். உள்ளே போய்ப் பாத்திரத்தை உருட்டினாள்.

குருசாமியாக வேன் கூட்டிப்போகிறவர் டீ ஃபாக்டரியில் வேலை பார்க்கும் சுடலைமணி. அவர் விஷயத்தைக் கேட்டுவிட்டுத் தாடியைச் சொறிந்தார். "ஆறரை வரைக்கும் பாப்போம் சாமி. அதுக்கு மேல வேன்காரன் நிக்க மாட்டான். குமுளி தாண்டி விடியறதுக்குள்ள காட்டுப்பாதைக்குப் போயிரணும்" என்றார்.

இருபத்துநாலாம் தேதி ஐந்து மணிக்கு அழகுமலை புல்வெளியில் நின்றார். கறுப்பு வேட்டிக்கு மேல் சிவப்புக் கோட்டு. இடுப்பில் தலையணை. மாலையைப் பனியனுக்குள் தள்ளி, கழுத்து வரை பட்டனைப் போட்டுவிட்டார்கள். காலுக்கு பூட்ஸ் கொண்டுவந்தபோதுதான் தகராறு. செருப்புக்கூடப் போடாமல் இத்தனை நாள் நடந்த கால். மாட்டவே மாட்டேன் என்றார். போட்டோவில் வெறுங்கால் தெரிந்தால் கெஸ்ட் என்ன நினைப்பார்கள் என்று கோபிநாத் கத்தினார். கடைசியில் டின்டு ஒரு வழி சொன்னாள். சாமியின் காலைச் சுற்றிப் பரிசுப் பெட்டிகளை அடுக்கிவிட்டார்கள். கால் மறைந்தது. நகரவும் முடியாது.

பனி மெஷின் நுரையைத் துப்பியது. மலையிலிருந்து அசல் மூடுபனி இறங்கிவந்து புல்வெளியை மூடியபோது, ஒன்றும் தெரியவில்லை, லைட்டைக் கூட்டு என்று சத்தம் போட்டார்கள். இவர்கள் எதைப் பார்க்க மலையேறி வந்தார்கள் என்று அழகுமலைக்கு விளங்கவில்லை. குழந்தைகள் வந்து தாடியை இழுத்தன. வலித்தது. ஒறிஜினல் என்று உறுதியானதில் அதுகளுக்கு ஏமாற்றம்தான். குழந்தைகள் மேல் அவருக்குக் கோபம் வரவில்லை. ஐந்து மணி கேக் இன்னும் வெட்டப்படாததில்தான் வந்தது.

"சார், நேரமாச்சு."

"நூத்திமூணு இன்னும் வரல சாமி. ஜீப் சவாரி போயிருக்காங்க. கேக் அவங்க ஆர்டர். அவங்க இல்லாம எப்படி வெட்டறது?"

கீழே கோயிலில் கட்டு ஆரம்பித்துவிட்டது. சரணம் விளிக்கும் சத்தம் தேயிலைக்கு மேலாக ஏறிவந்தது. அதில் தன் குரல் இல்லாதது அழகுமலைக்குக் காது வலிப்பதுபோல் இருந்தது. கோபிநாத்துக்கும் கேட்டிருக்க வேண்டும். பாட்டுப் போடுகிறவனைப் பார்த்துச் சத்தத்தைக் கூட்டும்படி கையைக் காட்டினார்.

ஆறு மணிக்கு நூற்றிமூன்று வந்தது. பூபதிராஜா என்று பேர். வடகரப்பதிப் பக்கம் தென்னந்தோப்புக்காரர். கூட நாலைந்து சேக்காளிகள், பெண்டுபிள்ளைகள். ஜீப்பிலேயே குடித்துவிட்டு வந்திருந்தார்கள். கெட்ட மனுஷன் மாதிரி தெரியவில்லை. ஒவ்வொருவரிடமும் வலியப்போய்க் கைகுலுக்கினார். சந்தோஷமாக இருந்தார், தான் சந்தோஷமாக இருந்தால் உலகமே அப்படித்தான் இருக்கும் என்று நம்புகிற சந்தோஷம்.

கேக்கை வெட்டினார்கள். பூபதிராஜா ஒரு துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு சிவப்புக் கோட்டிடம் வந்தார். சேக்காளி ஒருவன் போனைத் தூக்கிப் பிடித்தான்.

"ஏனுங்க தாத்தா, ஊருக்கெல்லாம் நீங்க குடுக்குறீங்க. உங்களுக்கு ஆருங்க குடுக்கறது? ஆ காட்டுங்க!"

"வேண்டாம் சார். நான் சாப்பிடக் கூடாது."

"சுகருங்களா? அட ஒரு நாளைக்கு ஒண்ணும் ஆவாதுங்க!"

"சார், விரதம்..."

விரதம் என்று சொல்லத் திறந்த வாய்க்குள் கேக் போனது. முட்டையும் ரம்மும் ஊறிய கேக். முழுக் கையால் அழுத்தித் தாடி முழுக்க அப்பினார் பூபதிராஜா. கூட்டம் ஓ என்று கத்தியது. அழகுமலைக்கு மூச்சு அடைத்தது. காலைச் சுற்றிப் பெட்டிகள். பின்னால் போக இடமில்லை. குனிந்து துப்பினார். பாதி பூபதிராஜாவின் வெள்ளைச் சட்டையில் விழுந்தது.

சிரிப்பு நின்றது. பாட்டுக்காரன் தானாகவே பாட்டை நிறுத்தினான்.

"என்னய்யா இது? மேல துப்பறான்!" என்றான் போன் பிடித்தவன்.

கோபிநாத் ஓடிவந்தார். முதலில் பூபதிராஜாவின் சட்டையைத் துடைத்தார். பிறகு அழகுமலையிடம், பல்லைக் கடித்துக்கொண்டு, "சாரி சொல்லு" என்றார். அதுவரை வந்த 'சாமி'யும் 'ங்க'வும் எங்கோ போய்விட்டிருந்தன.

"நான் என்னத்துக்கு?"

"சொல்லுடா. கெஸ்ட்டு. ரிவ்யூ எழுதினா நான் போச்சு."

அழகுமலை பெட்டிகளைக் காலால் தள்ளினார். எல்லாம் வெற்றுப் பெட்டி, காற்றுக்கு உருண்டன. கோட்டின் பட்டனை ஒவ்வொன்றாகக் கழற்றினார். வயிற்றிலிருந்த தலையணை விழுந்தது. பனியனுக்குள் கிடந்த துளசி மாலையை வெளியே எடுத்துப் போட்டுக்கொண்டார். கறுப்பு வேட்டி, வெறுங்கால், கேக் அப்பிய தாடி. யாரையும் பயமுறுத்த அவர் அப்படிச் செய்யவில்லை. அந்தக் கோட்டுக்குள் நின்று ஒரு வார்த்தை பேசவும் அவருக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

பூபதிராஜாவின் பெண்டாட்டி கோமதிதான் முதலில் பார்த்தது. "ஐயோ, மாலைங்க! மாலை போட்ட சாமிங்க!" என்று வாயில் கையை வைத்தாள்.

பூபதிராஜாவுக்குக் குடித்தது முழுக்க இறங்கிவிட்டது. நுரைக்குள் தொபுக்கென்று விழுந்து அழகுமலையின் காலைப் பிடித்துக்கொண்டார். "சாமி, தெரியாமப் பண்ணிப்போட்டனுங்க! எங்கூட்லயும் மலைக்குப் போறவிங்க இருக்கறாங்க. கண்ணு தெரியாம... மன்னிச்சுப்போடோணும் சாமி! சாபங்கீபம் உட்றாதீங்க!"

இவ்வளவு நேரம் அழகுமலைக்கு வந்தது வெறும் எரிச்சல். காலைப் பிடித்தபோதுதான் உண்மையான கோபம் வந்தது. காலை உருவிக்கொண்டார்.

"வேண்டாம்னு சொன்னேன்லா சார்? காதுல விழுந்துச்சுல்லா? அப்ப நான் பொம்மை. இப்ப மாலையப் பாத்ததும் சாமி. நடுவுல மனுசன்னு ஒருத்தன் நின்னு வேண்டாம்னு சொன்னானே, அவன யாருமே பாக்கலையா?"

பூபதிராஜா நுரைக்குள்ளிருந்து எழுந்து நின்றார். சாமியென்றால் மன்னிக்க வேண்டும், இல்லை சபிக்க வேண்டும். வழக்குப் பேசுகிற சாமியை அவர் பார்த்ததில்லை.

கோபிநாத்தின் முகம் மாறியிருந்தது. அவருக்கும் ஐயப்பன் பயம் உண்டு. கெஸ்ட் முன்னால் அது கொஞ்சம் தாமதமாக வரும். "சாமி, சமாதானமா இருக்கணும். லீவு எடுத்துக்கோங்க. எத்தனை நாள் வேணும்னாலும். நம்ம ஜீப்பிலேயே கோயில்ல கொண்டு விடச் சொல்றேன்."

"வேலைக்காரனாக் கேட்டப்ப தரல. இப்ப யாருக்குத் தர்றீங்க? எனக்கா, ஐயப்பனுக்கா?"

"சாமி..."

"ஐயப்பனுக்குன்னா, அந்தா நிக்கிற பிள்ளைக்கும் குடுங்க. அதும் பள்ளிக்குப் போகணும். அதுக்கும் ஒரு சாமி இருக்கு."

டின்டு வராந்தாவில் கண்ணாடித் தட்டுகளோடு நின்றாள். எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவள் கழுத்தில் மாலை இல்லை, சபிக்கவும் மாட்டாள். கோபிநாத் வாட்சைப் பார்த்தார்.

"என்னை விடுங்க சாமி," என்றாள் டின்டு. "என் சண்டைய நான் போட்டுக்கறேன். இங்க நின்னா வேன் போயிரும். ஓடுங்க."

அழகுமலை ஜீப்புக்கு நிற்கவில்லை. தேயிலைச் சரிவில் கொழுந்தெடுப்பவர்கள் இறங்கும் ஒற்றையடிப் பாதையில் விழுந்தடித்து இறங்கினார். நடுவில் ஓடையில் முகத்தைக் கழுவினார், வாயைக் கொப்புளித்தார், மறுபடி கொப்புளித்தார். கேக்கின் இனிப்பு போகவில்லை. அதுதான் அவரை அரித்தது. நல்ல ருசியாக இருந்தது.

கோயிலில் மற்ற சாமிகளின் இருமுடிகளெல்லாம் கட்டியாயிற்று. வேன்காரன் ஹாரனை அழுத்திக்கொண்டிருந்தான். வேன் கூரையில் அழகுமலையின் தென்னங்கன்று ஏறியிருந்தது. அவருடைய இருமுடிப் பை மட்டும் விரித்தபடி கிடந்தது. பக்கத்தில் அவருடைய நெய்த்தேங்காய், கண் துளைத்து, தண்ணீர் வடித்து, வெறும் ஓடாகக் காத்திருந்தது. நெய்ச் செம்போடு கற்பகம் தூணோரம் நின்றாள்.

மறைக்க அவருக்குத் தெரியவில்லை. நடந்ததைச் சொன்னார். சொல்லி முடித்ததும் வேன்காரன்கூட ஹாரனை விட்டுவிட்டான்.

"முழுங்குனீங்களா சாமி?" என்றார் சுடலைமணி.

"துப்பிட்டேன். ஆனா கொஞ்சம் உள்ள போயிருக்கும். பொய் சொல்ல முடியாது."

சின்னமுத்து கன்னிச்சாமி, முதல் வருஷம். முதல் வருஷக்காரனுக்குத்தான் சட்டம் நிறையத் தெரியும். "முட்டையும் சாராயமும் உள்ள போயிருச்சுன்னா விரதம் முறிஞ்சதுதான சாமி? மாலையக் கழத்திட்டு அடுத்த வருசம்..."

"அவரு திங்கலையேடே. திணிச்சிருக்கான்."

"திணிச்சாலும் உள்ள போனது போனதுதான?"

"கோட்டப் போட்டதே தப்பு. அதுக்கு முதல்ல பரிகாரம் பாக்கணும்."

ஆளுக்கொன்று சொன்னார்கள். அழகுமலை அடிவாங்கியவன்போல் நின்றார். மேலே ரிசார்ட்டில் பேசிய நாக்கு இங்கே எழவில்லை. சுடலைமணி பெருமூச்சு விட்டு, தீர்ப்புச் சொல்பவர்போல் தொண்டையைச் செருமினார்.

"செருமாதீங்க சாமி," என்றாள் கற்பகம். "நான் ஒண்ணு கேக்கணும்."

பெண்கள் பேசும் நேரமில்லை அது. யாரோ உஸ் என்றார்கள். அவள் நெய்ச் செம்பைக் கீழே வைக்காமலே முன்னால் வந்தாள்.

"விரதம் யாரு இருந்தா? சொல்லுங்க. கார்த்திக மாசத்துக் குளிர்ல கோழி கூவ முன்னாடி எந்திரிச்சு பச்சத் தண்ணியில முழுகினது யாரு? ஈரத் தலையோட சோறு பொங்கி வச்சுட்டு, அப்படியே மலையேறிக் கொழுந்தெடுத்தது யாரு? தீட்டு நாள்ல பாயச் சுருட்டிக்கிட்டு என் தங்கச்சி சித்ரா வீட்டு வராந்தாவுல போய்ப் படுத்தேனே, பனி கொட்டக் கொட்ட, அது யாரு விரதம்? நல்லது கெட்டதுக்குப் போகல. வாய்க்கு ருசியா ஒண்ணு திங்கல. இவரு மாலை போட்டாரு. சுமந்தது நானு."

"தாயி, அது வந்து..."

"என் வாயில எவனும் கேக்கத் திணிக்கல சாமி. என் விரதம் அப்படியே இருக்கு. அது முறிஞ்சிச்சுன்னு சொல்ல உங்கள்ல யாரு இருக்கீங்க?"

சின்னமுத்து கழுத்து மாலையைத் தடவிக்கொண்டு தரையைப் பார்த்தான். அவன் வீட்டிலும் ஒருத்தி நேற்றுவரை அப்படித்தான் முழுகிக்கொண்டிருந்தாள்.

சுடலைமணி அழகுமலையைக் கோயில் குழாயடிக்கு அனுப்பினார். "தலையோட நனைஞ்சிட்டு வாங்க சாமி. சீக்கிரம்." குளித்து, பல் கிட்டித்து நடுங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்ததும் தேங்காயை எடுத்து அவர் கையில் கொடுத்தார். நெய்யைப் புருஷன் கையில் கொடுக்காமல் கற்பகமே ஊற்றினாள். அவள் கோபத்துக்குச் செம்பு தேங்காயின் ஓட்டில் தட்டித் தட்டிச் சத்தம் எழுப்பியது. நிறைந்ததும் தக்கையை வைத்து அழுத்தினாள். சரணம் விளித்தார்கள். இந்த முறை அழகுமலையின் குரலும் இருந்தது.

இருமுடி தலைக்கு ஏறியதும் அவர் அவள் பக்கம் திரும்பினார். மலைக்குப் போகிறவன் திரும்பிப் பார்க்கக் கூடாது. பார்த்தார்.

"உனக்கு என்ன வேண்டிக்கிடணும்?"

"ஒண்ணும் வேண்ட வேண்டாம் சாமி," என்றாள் கற்பகம். "கேட்டுட்டு மட்டும் வாங்க. எனக்கு எப்ப லீவுன்னு கேட்டுட்டு வாங்க."

வேன் கிளம்பியது. அவள் காலிச் செம்பைக் கழுவக் குழாயடிக்குப் போனாள். விடிந்தால் அவளுக்கு மலையில் வேலை இருந்தது.